மானியத்தில் வாங்கிய சிகரெட்

மலாக்கா டவுனில் பழைய ஆட்களுக்கு என்னைத் தெரியும். பெயர் சொன்னால் யோசிப்பார்கள். ‘தட்டைப் பிடுங்குன டீச்சர்’ என்றால் உடனே தெரியும். பெரிய மனிதர் முன்னால் மரியாதைத் தட்டைப் பிடுங்கிய திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். இருக்கட்டும். பிடுங்கினேன்தான். இன்னொரு தரம் நேர்ந்தால் இன்னும் பலமாகப் பிடுங்குவேன். ஏன் பிடுங்கினேன் என்பதை மட்டும் அந்தக் கதையைச் சொல்கிற யாரும் சொல்வதில்லை. அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

மெர்டேகா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊரில் எங்கே பார்த்தாலும் புதிது புதிதாகச் சங்கங்கள், கொடிகள், கூட்டங்கள். நான் டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அப்பா பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்கு முன்னால் சிகரெட்டைப் பற்றவைப்பார். காலி சிகரெட் டின்களில் அம்மா கடுகும் வெந்தயமும் கொட்டி வைத்திருப்பார். சிகரெட் எங்கள் வீட்டில் சமையலறை வரைக்கும் வந்து குடியேறியிருந்தது. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை, எனக்கும் ரொம்ப நாள் படவில்லை.

படத் தொடங்கியது என் பழைய மாணவர்களால். ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்குப் போக முடியாத பையன்கள் சைக்கிள் கடையிலும் காப்பிக் கடையிலும் ஐஸ் கம்பெனியிலும் வேலைக்குச் சேர்ந்துவிடுவார்கள். நேற்று வரை என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவன் இன்று சினிமாக் கொட்டகை அஞ்சடி நடைபாதையில் தூணில் சாய்ந்துகொண்டு புகை விடுவான். என்னைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவான். புகை மட்டும் அவன் தலைக்கு மேலே என்னைப் பார்த்துக் கும்பிடும்.

ஒரு நாள் நான்கைந்து பேரை நிறுத்திக் கேட்டேன். அடிக்கவில்லை, திட்டவில்லை. சிகரெட்டுக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் ரோக்கோ என்று பெயர்.

“முதல் ரோக்கோ எங்கடா கெடச்சுது? யாரு கொடுத்தா?”

ஒருவன் தலையைச் சொறிந்தான். “கல்யாணத்துல, டீச்சர்.”

“எந்தக் கல்யாணத்துல?”

“எல்லாக் கல்யாணத்துலயும்தான். தட்டு தூக்குவோம்லா.”

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் ஊர் விசேஷங்களில் அது ஒரு வழக்கம். வாசலில் பன்னீர், சந்தனம். உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஒரு வெள்ளித் தட்டு வரும். அதில் வெற்றிலை பாக்கு, கற்கண்டு, நடுவில் மூடி திறந்த வட்ட டின் நிறைய சிகரெட். தட்டைத் தூக்கிக்கொண்டு வருவது வீட்டுப் பையன்கள். ஒருவன் குனிந்து தட்டை நீட்ட, பின்னால் வருகிறவன் தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்க வேண்டும். நன்றாகப் பற்றவைக்கிற பையனை ‘கெட்டிக்காரன்’ என்று தட்டிக்கொடுப்பார்கள். கடைசியில் டின்னில் மிஞ்சியது யார் பையில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சினிமாவைக் குறை சொன்னோம், கூட்டாளிகளைக் குறை சொன்னோம். பாடம் நடந்ததோ எங்கள் வீட்டுப் பந்தலில்.

அந்தப் பையன்களில் ஒருவன் எங்களுக்கு அடுத்த சந்து, மலாக்காச் செட்டிகள் பல தலைமுறையாகக் குடியிருக்கும் கம்போங் செட்டி. அவன் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மலாய்ப் பெண்களைப் போல கெபாயாச் சட்டையும் சாரோங்கும் அணிந்து, நெற்றியில் விபூதி வைத்திருப்பார். சாமி நம் சாமி, பேச்சு மலாய். நடுவில் இரண்டொரு தமிழ்ச் சொல் தலைகாட்டும். என்னைச் ‘சேகு’ என்பார், மலாயில் ஆசிரியருக்குச் சொல்கிற மாதிரி. மகன் சைக்கிள் கடையில் வேலை, வயது பதினைந்து, ஓட்டத்தில் புலி. ஆனால் பாதி ஓட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

“எத்தன தடவ அடிச்சிட்டேன் சேகு,” என்று அக்கா மலாயில் புலம்பினார். “அடி வாங்கிட்டு அழுவான். அழுது முடிச்சிட்டுப் போய்ப் பிடிப்பான்.”

அடியால் ஆகாது என்று எனக்குத் தெரிந்தது. வேலை முடிந்து இருட்டுகிற வரைக்கும் இந்தப் பையன்களுக்குப் போக ஓர் இடம் வேண்டும். பள்ளித் திடல் சாயங்காலம் சும்மாதான் கிடக்கிறது. பந்து வேண்டும், காஸ் விளக்கு வேண்டும், ஓடச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், படிக்க நாலு புத்தகம் வேண்டும். புகை பிடித்தால் நெஞ்சுக்கு என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெசர் யாராவது வந்து பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் பணம் வேண்டும்.

வாலிபர் நலனுக்கென்று அரசாங்கப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் குழு ஒன்று அப்போது டவுனில் இருந்தது. சங்கங்கள் வரிசையில் நின்று கோப்பைக்கும் மேடைக்கும் மேளத்துக்கும் கேட்டு வாங்கின. தனி ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே நான் எங்கள் வாலிபர் சங்கத் தலைவரைப் பார்க்கப் போனேன். அவருக்கு ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை. நல்ல மனிதர், நாலு பேருக்கு உதவுகிறவர். சிகரெட் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடையே அதிரச் சிரித்தார்.

“ரோக்கோ பிடிக்காம இருக்குறதுக்கு கவர்மெண்ட் காசு கொடுக்கணுமா? என்னா டீச்சர் நீங்க! ரெண்டு அறை விட்டா போதாதா?”

“அறைஞ்சு பாத்தாச்சு ஐயா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. பேசுறத நான் பேசிக்கிறேன்.”

போட்டார். சிரித்துக்கொண்டே போட்டார்.

குழுவின் தலைவர் ஒரு மலாய் அதிகாரி. வெள்ளைக் கோட்டு, மெதுவான பேச்சு. மலாயில் ஐயா என்கிற மாதிரி எல்லோரும் அவரைத் ‘துவான்’ என்பார்கள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “உங்க அப்பா புகை பிடிப்பாரா, சேகு?”

“பிடிப்பார், துவான்.”

“அப்பாவை நிறுத்தாம ஊர்ப் பிள்ளைகளை எப்படி நிறுத்துவீங்க?”

எனக்கு மூக்கின்மேல் கோபம். அதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு சொன்னேன். “அப்பா வாங்குகிற ஒவ்வொரு டின்னுக்கும் அரசாங்கம் வரி எடுத்துக்கொள்கிறது, துவான். வரி வாங்கும்போது யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் கொஞ்சத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தர்மம் கேட்கவில்லை. எங்கள் காசைத்தான் கேட்கிறேன்.”

பக்கத்தில் இருந்த சங்கச் செயலாளர் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அதிகாரி கோபப்படவில்லை. முதலில் ஆறு மாதத்துக்கு மட்டும் மானியம் தருவதாகச் சொன்னார். நடுவில் ஒரு விழா வைத்தால் தானே வந்து பார்ப்பதாகவும், சரியாக நடந்தால் வருடா வருடம் கிடைக்கும் என்றும் சொன்னார்.

பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரம் பந்துக்காக வந்தார்கள். பிறகு விளக்குக்காக, பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பதற்காக. டிரெசர் வந்து நெஞ்சுக்கூட்டைப் பலகையில் வரைந்து காட்டினார். மூச்சு முட்டியவனை நிற்க வைத்து, ஏன் முட்டுகிறது என்று எல்லோருக்கும் சொன்னார். செட்டி அக்காவின் மகன் சிகரெட்டை விட்டுவிட்டான் என்று நான் கற்பூரம் அடித்துச் சொல்ல மாட்டேன். குறைத்தான். திடலை ஒரு முழுச் சுற்று நிற்காமல் ஓடி வந்து என் முன்னால் நின்று மூச்சு வாங்காமல் பேசிக் காட்டினான். அவன் சிரித்த சிரிப்புக்கு எந்த மானியமும் ஈடாகாது. ஆனால் மானியம் இல்லாமல் அந்தச் சிரிப்பும் இல்லை. இதை நான் ஒருபோதும் மறைத்துப் பேசியதில்லை. அன்பு மட்டும் இருந்தால் போதும் என்கிறவர்களிடம் காஸ் விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நடந்தது. பள்ளி மண்டபத்தில் தோரணம் கட்டியிருந்தோம். பையன்களுக்குச் சங்கம் புதிதாக வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேடைக்குப் பின்னால் போனேன். அங்கே மேசைமேல் வெள்ளித் தட்டு. வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, சந்தனம். நடுவில் சிகரெட் டின். பக்கத்தில் தீப்பெட்டி.

கனவு காண்கிறேனோ என்றுகூட நினைத்தேன். தலைவரைக் கூப்பிட்டேன்.

“ஐயா, இது என்னா?”

“என்னா டீச்சர், தெரியாத மாதிரி கேக்குறீங்க? துவான் வர்றாருலா.”

“எந்தக் காசுல வாங்குனீங்க?”

“விழாச் செலவுலதான். மானியத்துல விழாச் செலவுன்னு எடுத்து வச்சோமே. நல்ல சரக்கு, மட்டமானது இல்ல.” அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“புகை பிடிக்கக் கூடாதுன்னு கொடுத்த காசுல சிகரெட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

“அது பசங்களுக்கு, டீச்சர். இது பெரியவங்களுக்கு. தட்டுல ஒன்னும் இல்லாம அனுப்புனா, இவங்களுக்கு மரியாதையே தெரியலன்னு சொல்ல மாட்டாரா? அடுத்த வருஷம் காசு வருமா?”

“தட்ட யாரு தூக்குறது?”

“நம்ம பசங்கதான். அதுக்குத்தானே சட்ட தச்சோம்.”

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே மேய்கிறோம் என்பதுகூட வேலிக்குத் தெரியவில்லை. அவர் திருடவில்லை, ஏமாற்றவில்லை. தட்டில் சிகரெட் இல்லாத ஒரு மரியாதையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவனோடு சண்டை போடலாம். நல்லவரோடு எப்படிச் சண்டை போடுவது? டின்னையும் தீப்பெட்டியையும் எடுத்து வகுப்பறை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தட்டில் கற்கண்டை இன்னும் கொஞ்சம் கொட்டினேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தது என் மடத்தனம். துணிக்கடைக்காரருக்கு ஆள் அனுப்பி இன்னொரு டின் வாங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதிகாரி வந்தார். மாலை போட்டோம். தலைவர் மேடையேறி, நம் பிள்ளைகளைப் புகையின் பிடியிலிருந்து காப்பாற்றியே தீருவோம் என்று முழங்கினார். கைதட்டல் அடங்கும் முன்பே மேடைப் பக்கத்துக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையில் செட்டி அக்காவின் மகன் தட்டோடு வந்தான். அவன் பின்னால் தீப்பெட்டியோடு இன்னொருவன். தட்டின் நடுவில் புது டின், மூடி திறந்து.

பையன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. என்ன செய்யட்டும் என்று கேட்டான். பெரியவர்கள் தூக்கச் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வருகிறான், பாவம், அவன் என்ன செய்வான்? அதிகாரியின் கை தட்டை நோக்கி நீண்டுவிட்டது. நான் எழுந்து போய்த் தட்டைப் பிடுங்கினேன்.

நான் மலாயில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“துவான், இது நீங்க பிள்ளைகளுக்குக் கொடுத்த காசுல வாங்கினது. வேணும்னா எடுத்துக்குங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா நெருப்ப நீங்களே வச்சுக்கணும். என் பசங்க வைக்க மாட்டாங்க.”

அவர் கை அப்படியே நின்றது. பிறகு ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்தார். மடிக்கவும் இல்லை, மெல்லவும் இல்லை. கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தேநீர் வருவதற்கு முன்பே, வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே யூகித்திருப்பீர்கள். ஊர் வாயை மூட உலை மூடி இல்லை. “பொம்பளப் புள்ள சபையில பேசுனா இப்படித்தான்,” என்றார்கள். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அப்பா மட்டும் பின்வாசலில் போய்ப் புகை பிடித்தார். சங்கத்தில் கூட்டம் போட்டு என்னைத் திடல் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆறு மாதம் முடிந்ததும், மானியம் தொடராது என்று செய்தி வந்தது.

“உங்க வாயால போச்சு, டீச்சர்,” என்றார் தலைவர். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் அந்தப் பிள்ளைகள்மேல் பாசம்தான்.

விளக்கைத் திருப்பிக் கொடுத்தோம். ஓடச் சொல்லிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போனார். திடலின் கேட்டைப் பூட்டினார்கள். ஒரு சாயங்காலம் பையன்கள் பூட்டிய கேட்டுக்கு வெளியே கூடி நின்றார்கள். செட்டி அக்காவின் மகன் என்னிடம் வந்தான். அவனிடம் சிகரெட் வாடை அடித்தது.

“சேகு, தட்ட நான்தானே தூக்கினேன். என்னாலதான் போச்சா?”

அவனிடம் இல்லையென்று சொல்லிவிட்டு, பள்ளிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். தப்பு செய்த பெரியவர்கள் எல்லாம் வீட்டில் நிம்மதியாக இருக்க, பதினைந்து வயதுப் பையன் பழியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் நேரே அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். செட்டி அக்காவும் கூட வந்தார். தனியாக அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம். அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார்.

“நீங்க என்னை அவமானப்படுத்தலாம், சேகு. பரவாயில்ல. உங்க தலைவரைச் சபையில அவமானப்படுத்துனீங்க. சங்கத்துக்கு நீங்க வேண்டாமாம். சங்கத்துக்குத்தானே நான் கொடுக்க முடியும்?”

“நான் இல்லாவிட்டால் கேட்பார்களா?”

“கேட்டாங்க. நான்தான் யோசிக்கிறேன். நீங்க இல்லாம இது நடக்குமான்னு.”

அந்த நேரத்தில் எனக்குள் இருந்ததை மறைக்காமல் சொல்கிறேன். திடல் நான் கேட்டது, விளக்கு நான் கேட்டது, பிள்ளைகள் என் பிள்ளைகள். என்னை வெளியே தள்ளிவிட்டு அவர்கள் நடத்துவதா என்று வயிறு எரிந்தது. இன்றைக்கும் அந்த எரிச்சல் முழுதாக அடங்கவில்லை. ஆனால் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் நானும் தலைவரும் அல்லவே.

“நடக்கும், துவான். கொடுங்கள். நான் உள்ளே வர மாட்டேன்,” என்றேன். “ஆனால் ஒரு நிபந்தனையைப் போட்டுக் கொடுங்கள். இந்தப் பணத்தில் சிகரெட் வாங்கக் கூடாது. இந்தப் பணம் போகிற எந்த இடத்திலும் பிள்ளைகள் கையில் சிகரெட் தட்டைக் கொடுக்கக் கூடாது. யார் விருந்தாளியாக வந்தாலும் சரி. நீங்களே வந்தாலும் சரி.”

“எல்லாரும் பதவி கேப்பாங்க. நீங்க விதி கேக்குறீங்க.”

“பதவியை நீங்கள் எடுத்துவிடலாம். விதியை எடுக்க எழுதிக் காரணம் சொல்ல வேண்டும்.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மலாயில் மெல்லச் சொன்னார். “துவான், என் மகன் இனிமே ரோக்கோ தட்டு தூக்க மாட்டான். எந்த வீட்டுலயும் தூக்க மாட்டான். எங்க கம்போங்ல மத்த அம்மாக்கள்கிட்டயும் சொல்லிட்டேன். விதி வந்தாலும் வரலைன்னாலும்.”

அதிகாரி எங்களைப் பாராட்டவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். ஆனால் மானியம் வந்தது. நிபந்தனையோடு வந்தது. தலைவர் அதைப் படித்துவிட்டு, “டீச்சர் வேலைதான் இது,” என்றாராம். கையெழுத்துப் போட்டாராம். இந்தத் தடவை சிரிக்கவில்லையாம்.

கேட்டைத் திறந்தார்கள். நான் உள்ளே போகவில்லை, பேச்சு பேச்சுதான். சாயங்காலங்களில் அந்தப் பக்கம் நடந்து போவேன், வேலிக்கு வெளியிலிருந்து பார்ப்பேன். பார்ப்பதற்கு எந்த விதியும் தடை இல்லை.

வருட முடிவில் மறுபடி விழா. அன்றைக்கு ஊருக்கு அழைப்பு இருந்தது. ஊரில் நானும் ஒருத்தி. கடைசி வரிசையில் அக்காவோடு போய் உட்கார்ந்தேன். இந்த முறை வந்தவர் வேறொரு பெரிய மனிதர், தேர்தலில் ஜெயித்தவர், பத்துப் பேர் சூழ வந்தார். பேச்செல்லாம் முடிந்ததும் தட்டு வந்தது. தூக்கி வந்தது அக்காவின் மகன். இந்த வருடம் நன்றாக வளர்ந்திருந்தான். பின்னால் தீப்பெட்டியோடு யாரும் வரவில்லை.

பெரிய மனிதர் பேசிக்கொண்டே, பார்க்காமல், தட்டில் கைவிட்டார். விரல்கள் வெற்றிலையைத் தள்ளின, பாக்கைத் தள்ளின, கற்கண்டைத் துழாவின. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கே?”

“இங்க கிடையாது, துவான்,” என்றான் பையன். குனியவில்லை. தலைவர் மேடையில் நெளிந்தார், ஆனால் எழுந்து வரவில்லை. அக்கா என் கையை எலும்பு நோக இறுக்கினார்.

அந்த மனிதர் சுற்றும் முற்றும் பார்த்தார். தன் சட்டைப் பையைத் தட்டினார். பிறகு எழுந்து, பத்துப் பேரையும் விட்டுவிட்டுத் தனியாக மண்டபத்தை விட்டு வெளியே போனார். ஒரு பெரிய மனிதர் சிகரெட் பிடிப்பதற்காகக் கொளுத்துகிற வெயிலில் போய் நின்றதை எங்கள் ஊரில் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன்.